ஒரே அம்மாவுக்கு நான்கு பேர்

அம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த மாதம்தான் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியை முழுசாகத் திறந்தோம். 32 வருஷம் ஒரே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர். வேலைக் காலத்தில் சேர்ந்த சேமலாப நிதியும் வேலையை விடும்போது தரும் சேவைக்காலப் பணமும் வந்தால் தங்கச்சி வீட்டுக் கூரையை மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தோம். கடதாசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் பரப்பினேன். பிறப்புச் சான்றிதழில் லெச்சுமி. அடையாள அட்டையில் லெட்சுமி. விவாகச் சான்றிதழில் முத்துலெட்சுமி. தோட்டத்திலிருந்து சேமலாப நிதிக்குப் போன பதிவில், ஆங்கிலத்தில், எழுத்துக்கூட்டி வாசித்தால் லச்சமி. நான்கு கடதாசி, நான்கு பேர், ஒரே அம்மா.

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் சின்னதாக ஒரு கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி எடுப்பது, படிவம் நிரப்பிக் கொடுப்பது, கடிதம் டைப் அடிப்பது. நான் சட்டம் படித்தவன் இல்லை. ஆனால் சுற்றுவட்டாரத் தோட்டங்களின் கடதாசிகள் பாதிக்கு மேல் என் மேசையைத் தொட்டுத்தான் போகின்றன. எந்தக் கடதாசி எந்த இடத்தில் சிக்கும் என்பதைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அப்படியிருந்தும் சொந்த வீட்டுப் பெட்டியை நேரத்தோடு திறந்து பார்க்கவில்லை. அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தோட்டத்தில் 'பேர்' என்றால் சம்பள நாள். "இன்னைக்கு அரைப் பேருதான் போட்டாங்க" என்று ஒருத்தி சொன்னால், கொழுந்து நிறை குறைந்துவிட்டது, பாதிச் சம்பளம்தான் என்று அர்த்தம். அந்தப் பேர் விழ வேண்டுமே என்று இருட்டோடு எழுந்து, காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் பிரட்டுக்கு ஓடிய பெண்களுக்கு, ஆபீஸில் தங்கள் பேர் என்ன எழுத்தில் இருக்கிறது என்று ஒருவரும் வாசித்துக் காட்டியதில்லை. அம்மா பிறந்த காலத்தில் பிறப்பு விபரம் தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் பதிவுக்குப் போகும். பாட்டி வாயால் சொன்னதைக் கிளாக்கர் தன் காதில் விழுந்தபடி எழுதினார். பதிவாளர் தன் மொழியில் எழுதினார். பிறகு வேறொருவர் அதை ஆங்கிலத்துக்கு மாற்றினார். ஒவ்வொரு கையிலும் ஓர் எழுத்து தேய்ந்தது.

இதில் எவ்வளவு பணம் மாட்டிக்கொள்ளும் தெரியுமா? சேமலாப நிதி 1958இன் 15ஆம் இலக்கச் சட்டப்படி வருவது. தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதம், தொழில் தருநர் பங்கு 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம். அது முழுக்க தொழில் தருநர் கட்டுவது, நம் சம்பளத்தில் வெட்டக் கூடாது. சேவைக்காலப் பணம் என்று நாம் சொல்கிற பணிக்கொடை 1983இன் 12ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருஷமாவது வேலை செய்திருந்தால் கிடைக்கும். மாதச் சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம். நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம். அம்மாவுக்கு 32 பெருக்கல் 14, அதாவது 448 பேர். வேலையை விட்டு 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. எங்களுக்கு ஏழு மாதம் போனது. தோட்டத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்த ஏழு மாதமும் எங்கள் காதில் விழுந்தது ஒரே பதில்தான்: "பேரு சரியில்ல, சரி பண்ணிட்டு வாங்க."

இப்படிப்பட்ட நேரத்தில் எல்லோரும் முதலில் ஓடுவது சத்தியக் கடதாசிக்கு. சமாதான நீதவான் ஒருவர் முன்னால், "லெச்சுமி, லெட்சுமி, முத்துலெட்சுமி, லச்சமி ஆகிய நால்வரும் நானே" என்று சத்தியம் செய்து கையெழுத்து வைப்பது. இதைப் பற்றி ஒரு தப்பான நம்பிக்கை எங்கள் பக்கம் ஊறிப்போயிருக்கிறது. முத்திரையும் கையெழுத்தும் விழுந்துவிட்டால் அது தீர்ப்பு மாதிரி என்று நினைக்கிறார்கள். சத்தியக் கடதாசி என்பது நீங்கள் சொல்வதை நீங்களே சத்தியத்தின் பேரில் எழுதிக் கொடுப்பது, அவ்வளவுதான். பொய்யாகச் சொன்னால் தண்டனை உண்டு, அதனால்தான் அதற்கு ஒரு கனம். ஆனால் பதிவேட்டில் இருக்கும் எழுத்தை அது மாற்றாது. ஓர் ஆபீஸ் ஏற்கும், அடுத்த ஆபீஸ் திருப்பி அனுப்பும். பதிவேட்டையே திருத்துவதுதான் நிலையான வழி. பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் அதற்கு விண்ணப்பம் இருக்கிறது. பாடசாலை விடுகைப் பத்திரம், கிளினிக் கொப்பி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் என்று பழைய தடயங்கள் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நாள் பிடிக்கும். பரவாயில்லை. ஐம்பது வயதில் அலைவதை முப்பது வயதிலேயே முடித்துவிடலாம்.

இதையும் சொல்லிவிடுகிறேன். பழைய அடையாள அட்டை எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருஷம். அடுத்த மூன்றும் அந்த வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருப்பார்கள். ஆகவே அட்டையில் ஒரு பிறந்த நாளும் சான்றிதழில் வேறொரு நாளும் இருந்தால் கவுண்டரில் இருப்பவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். பிறப்புப் பதிவே இல்லாமல் உத்தேச வயதுச் சான்றிதழில் அட்டை எடுத்தவர்கள் இன்னும் நம்மிடையே நிறையப் பேர். அவர்கள் அந்தச் சான்றிதழைத் தங்கம் மாதிரிக் காப்பாற்ற வேண்டும்.

அம்மாவின் பெட்டியில் எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது தாத்தாவின் பிரஜாவுரிமைச் சான்றிதழ். நாலாய் மடித்து, மடிப்பில் கிழிந்து, அரிசிப் பசை போட்டு ஒட்டியிருந்தது.

எங்கள் ஆட்களுக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் ஆவணங்களில் ஒன்று 'துண்டு'. ஆள் சேர்த்து வந்த கங்காணியும் அவருடைய ஆட்களும் பட்ட கடன் இவ்வளவு, இதைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்த சீட்டு. 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். அந்தக் காலத்தில் கரையிறங்கும்போதே தோட்டத்து எண் பொறித்த தகரத் தட்டும் இருந்தது. ஆக, கடனும் எண்ணும் எழுதப்பட்டிருந்தன. பிறப்பு ஒழுங்காக எழுதப்படவில்லை. 1948 நவம்பரில் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அது கேட்டது அதைத்தான். உன் தகப்பன் இங்கே பிறந்தவன் என்று காட்டு, இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு. யாரிடம் இருந்தது அந்தக் கடதாசி? 1964 அக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று விட்டு, 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். எங்கள் தாத்தா இந்தப் பக்கம் விழுந்தார். அவருடைய தம்பி தலைமன்னாரில் கப்பல் ஏறினார். 2003இன் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான், 1964 அந்த நாளிலிருந்து இங்கேயே நிலையாக வாழ்ந்தும் எந்த நாட்டுப் பிரஜையாகவும் இல்லாதவர்களுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை சட்டத்தினாலேயே கிடைத்தது. ஒரு கடதாசி இல்லாததனால் ஒரு சமூகமே நாடற்றுப் போகும் என்பதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அதனால்தான் ஓர் எழுத்துப் பிழையைக் கண்டு "அது ஒண்ணும் செய்யாது" என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

சரி, காணிக்கு வருவோம். கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் அதிகமாகக் கேட்பது இதைத்தான். "தம்பி, பத்து வருஷம் ஒரு எடத்துல இருந்தா சொந்தம்னு சட்டம் இருக்காமே? நாங்க நாலு தலைமுறையா இந்தக் காம்பராவுல இருக்கோம்." சட்டம் இருப்பது உண்மைதான். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம். உரிமையாளரை ஒத்துக்கொள்ளாமல், அவருக்கு எதிராக, இடையறாமல் 10 வருஷம் ஆண்டால் நீதிமன்றத்தில் உரிமை கேட்கலாம். ஆனால் லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில், அந்தக் காம்பராவில் நாம் இருப்பது தோட்டம் கொடுத்த அனுமதியின் பேரில். அனுமதியோடு இருப்பவர் நூறு வருஷம் இருந்தாலும் எதிராக ஆண்டவர் ஆக மாட்டார். இரண்டாவது, அந்தச் சட்டம் அரசுக் காணிக்குச் செல்லாது. தோட்டங்கள் 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் அரசிடம் போயின. 1992இல் கம்பனிகள் வந்தன, பிறகு நீண்ட காலக் குத்தகை. நிலம் அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு, நமக்கு இருப்பு மட்டும். இதை ஒரு வயதான மனுசிக்கு விளக்கிச் சொல்வதைப் போலக் கஷ்டமான வேலை என் கடையில் வேறில்லை. எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே, "காம்பராவை எழுதிக் கொடுத்துட்டேன்", "மரக்கறித் தோட்டத்தை வித்துட்டேன்" என்று முத்திரை ஒட்டிய தாளைக் காட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது, தன்னிடம் இல்லாத உரிமையை யாரும் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்பதுதான். தோட்டக் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் நிலத்தில் வீடு கொடுக்கும் திட்டத்தில் வீடு கிடைத்தவர்களும் கையில் இருப்பது காணி உறுதியா (உரிமைப் பத்திரமா), வீட்டைக் கையளித்த கடிதமா என்று எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டிலும் பெரிய இலச்சினை இருக்கும். இரண்டும் ஒன்றல்ல.

தனியார் காணி வாங்குகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புச் சட்டம். 180 வருஷத்துக்கு மேல் ஆகியும் இன்றும் அதுதான் ஆள்கிறது. காணி விற்பதோ, கைமாற்றுவதோ, ஈடு வைப்பதோ எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசும் (உறுதி எழுதும் சட்டத்தரணி) இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் ஒன்றாக இருக்க, அவர்கள் முன்னால் கையெழுத்து விழ வேண்டும். வெறும் தாளில் எழுதி, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் கையெழுத்து வைத்து, ஐந்து இலட்சம் கைமாறினாலும் காணி கைமாறாது.

என் சித்தப்பா இதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார். கொழும்பில் 18 வருஷம் கடையில் நின்று சேர்த்த காசு. கொட்டகலைப் பக்கம் 10 பேர்ச்சஸ். நொத்தாரிசு, சாட்சி, உறுதி எல்லாம் முறைப்படி. உறுதியைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டினார். காணிப் பதிவகத்தில் பதியவில்லை. நொத்தாரிசு மாதா மாதம் இரண்டாம் பிரதியைப் பதிவகத்துக்கு அனுப்புவார். சித்தப்பா அதையே பதிவு என்று நினைத்துவிட்டார். அது வேறு, உறுதியைப் பதிவது வேறு. எட்டு மாதம் கழித்து விற்றவன் அதே காணியை இன்னொருவருக்கு விற்றான். அவர் முதலில் பதிந்தார். 1927இன் ஆவணங்கள் பதிவுச் சட்டத்தில், பதியாத உறுதி, பின்னால் காசு கொடுத்து வாங்கி முன்னால் பதிந்தவருக்கு எதிராக நிற்காது. அந்த இரண்டாமவர் மோசடியில் பங்காளி என்று நிரூபித்தால்தான் வேறு கதை. சித்தப்பாவால் அது முடியவில்லை. விற்றவனிடம் காசைக் கேட்டு வழக்குப் போடும் உரிமை மட்டும் மிஞ்சியது. அவன் பேரில் ஒரு சைக்கிள்கூட இல்லை.

சித்தப்பா அதற்குப் பிறகு கொட்டகலை வழியாகப் போகும் பஸ்ஸில் அந்தப் பக்க ஜன்னலில் உட்காருவதில்லை.

வாங்குவதற்கு முன்னால் பதிவகத்தில் பின்னோக்கி 30 வருஷமாவது தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். நில அளவையாளரின் வரைபடத்தையும் நிலத்தையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். உறுதி எழுதிய அதே வாரம் பதியுங்கள். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியை வாங்க நினைத்தால் முதலில் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அவர்களின் சம்மதம் இல்லாமல் அது கைமாறாது.

கடை நடத்துகிறவர்களுக்கும் அதே 1840 சட்டத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையும் நொத்தாரிசு முன்னிலையில்தான் எழுதப்பட வேண்டும். என் முதல் கடைக்கு இரண்டு வருஷம் என்று வெறும் தாளில் எழுதி, ஆறு மாத முற்பணம் கொடுத்து, சாமான் அடுக்கும் ராக்கையெல்லாம் அடித்தேன். பத்தாம் மாதம் போகச் சொன்னார்கள். தாளைக் காட்டினேன். அது இரண்டு வருஷக் குத்தகையாகச் செல்லாது என்று சட்டத்தரணி சொன்னார். ராக்கையைக் கழற்றிக்கொண்டு வந்தேன். இப்போதுள்ள கடைக்கு உறுதி இருக்கிறது. வியாபாரப் பெயரையும் பிரதேச செயலகத்தில் பதிந்திருக்கிறேன். பெரிய செலவில்லை. வங்கியில் கடையின் பெயரில் கணக்குத் திறக்க அந்தச் சான்றிதழைத்தான் கேட்டார்கள்.

கடன் பற்றி ஒரே வார்த்தை: எதையும் நிரப்பாத புரோநோட்டில் கையெழுத்து வைக்காதீர்கள். தொகையும் வட்டியும் எழுதிய பிறகு, அதை போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகு, பேனாவைத் தொடுங்கள்.

பெண் பிள்ளைகளின் பங்கைப் பற்றிச் சொல்லாமல் போனால் என் தங்கச்சி என்னை மன்னிக்க மாட்டாள். யாழ்ப்பாணத்துத் தேசவழமையும் கண்டியச் சட்டமும் மலையகத் தமிழருக்குப் பொருந்தாது. நமக்கு நாட்டின் பொதுச் சட்டம். 1876ஆம் ஆண்டின் சட்டப்படி, மரண சாசனம் எழுதாமல் ஒருவர் இறந்தால் அவர் சொத்தில் பாதி துணைக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. மகன், மகள் என்று பேதமில்லை. "பொம்பளப் புள்ளைக்குத் தாலி வாங்கிக் குடுத்தாச்சு" என்பது சட்டத்தில் எங்கும் இல்லை. சாசனம் எழுத விரும்புகிறவர்கள் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் எழுதலாம், இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் முன்னிலையில். கோயிலில் தாலி கட்டிப் பதியாமல் விட்டவர்கள் விவாகத்தைப் பதிந்துவிடுங்கள். பதியாததனால் கல்யாணமே இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் புருஷன் போன பிறகு, நான்தான் பெண்சாதி என்று நிரூபிக்கும் பாரம் அழுதுகொண்டிருக்கிறவள் தலையில் விழும். என் கடையில் அப்படி மூன்று பேரைப் பார்த்திருக்கிறேன்.

மொழி விஷயத்திலும் பயப்படத் தேவையில்லை. சிங்களத்தில் உள்ள கடதாசியைக் கொடுத்து "இங்க கையெழுத்துப் போடுங்க" என்றால் நாம் போட்டுவிடுகிறோம், கேட்டால் கோபிப்பார்களோ என்று. வாசிக்கத் தெரியாதவருக்கு உறுதியை வாசித்து விளக்க வேண்டியது நொத்தாரிசின் சட்டக் கடமை. அரசாங்க ஆபீஸில் தமிழில் எழுதவும் தமிழில் பதில் வாங்கவும் அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் உரிமை தருகிறது. அம்மாவின் சேமலாப நிதிப் பணம் எந்தப் பேரில், எந்த எண்ணில் கிடக்கிறது என்று பல தடவை நேரில் கேட்டும் தெரியவில்லை. கடைசியில் 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கேட்டேன். 14 வேலை நாளுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சொன்னார்கள். தமிழிலேயே வந்தது. இரண்டு எண்களில் பணம் பிரிந்து கிடந்தது, ஒன்று லெட்சுமிக்கு, ஒன்று லச்சமிக்கு. அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதெல்லாம் நகர்ந்தது. காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. நீதிமன்றம் போகும் முன் சின்னத் தகராறுகளைப் பேசித் தீர்க்க மத்தியஸ்த சபை இருக்கிறது, பழைய ஆட்கள் இன்னும் இணக்க சபை என்பார்கள். இரண்டையும் பயன்படுத்துங்கள்.

பணம் வந்தது. தங்கச்சி வீட்டுக்குத் தகரம் மாற்றினோம். அந்த வருஷக் கடைசியில் அவளுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும், நாங்கள் ஒன்பதாம் நாள் போனோம். பிள்ளையின் பேரையும் அப்பா அம்மா பேரையும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெரிய எழுத்தில் ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொண்டுபோனேன். பதிவாளர் அதைப் பார்த்து எழுதினார். எழுதி முடித்ததும், கையெழுத்துக்கு முன்னால் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். அவர் நிதானமாக வாசித்தார். தகவல் கொடுத்தவராக அம்மாவின் பேர் வந்த இடத்தில், அம்மா பக்கத்தில் போய்க் குனிந்து, தன் அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் பார்த்தார். "ம், இதேதான்" என்றார்.